ரெண்டு மணிக்கு வரும் என்று சொன்னது

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பிமார், தங்கச்சிமாருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று ஒபீசில் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கதைக்கிறதும் குறைவு. முடிந்த மட்டும் எழுதுகிறேன்.

வேலையை நான் சொல்லித் தரத் தேவையில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இப்ப வருகிற பெட்டிகளில் சிலதை எனக்குத் திறக்கவும் தெரியாது. கையால் நான் விட்ட பிழைகள் நிறைய. அதுகளை அடுத்த நாள் போய்த் திருத்தினேன். இது வாயால் விட்ட பிழை.

நாங்கள் முதல் பழகியது ஒரு வேலைதான். பெட்டியை அணை, முப்பது எண்ணு, திரும்பப் போடு. அப்ப அதை மொடம் என்போம். பாதி வீடுகளில் அதோடு சரி. பச்சை வெளிச்சம் வரும். வீட்டுக்காரர் முகத்திலும் வெளிச்சம் வரும். பேப்பரில் சைன் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். இன்றைக்கும் அதுதானே முதல் வேலை. பெட்டி மாறியிருக்கிறது, அது மாறவில்லை.

சண்டைக் காலம். அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் பை நிறைய வயர், பற்றறி, கறுப்புப் பெட்டிகள் கொண்டு திரிந்தால் என்ன நடக்கும் என்று நீங்கள் யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். கொம்பனி அட்டை, அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு மூன்றையும் சேர்ட் பொக்கற்றில் வைத்திருப்பேன். பிறகு கொட்டினதை அள்ளி அடுக்க வேண்டும். திட்டவும் முடியாது. அள்ளுவேன், போவேன்.

மனிசியும் ரெண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். பாதை பூட்டியாச்சு. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சுக்கூடத்துக்குப் பின்னால் அறை எடுத்து இருந்தேன். பகல் முழுக்க மெஷின் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும். அந்த நாள்தான் கஷ்டம்.

என் வேலை கூடுதலாக வெள்ளவத்தைப் பக்கம். அங்கே வீடுகளில் தனி ஆட்கள் நிறைய. பிள்ளைகள் எல்லாம் வெளியில். கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். கடற்கரைப் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் ஒரு அம்மா இருந்தா. அவ கதவு திறக்க மாட்டா. ஒருதரம் யாரோ கதவைத் தட்டி வந்து மகனைக் கூட்டிப் போனவை, பிறகு அந்தப் பிள்ளை வரவில்லை என்று கீழே காவலாளி சொன்னான். இன்ரநெற் லைன் போனால் அவ ஃபோன் பண்ணுவா. நான் போய்க் கதவுக்கு வெளியில் நிற்பேன்.

“அம்மா, லைன் பாக்க வந்தனான்.”

“ஓம். சொல்லுங்கோ.”

“பெட்டியை ஓஃப் பண்ணுங்கோ.”

“பண்ணீட்டன்.”

“முப்பது எண்ணுங்கோ.”

அவ உள்ளே எண்ணுவா. நான் வெளியில் எண்ணுவேன். ரெண்டு பேருக்கும் சத்தம் கேட்கும். லைன் வந்ததும் சைன் வைத்த பேப்பர் கதவுக்குக் கீழால் வரும். ரெண்டு வருஷம் இப்படி. முகம் தெரியாது. ஒரு நாள் போனேன், வேறு ஆட்கள் கதவைத் திறந்தார்கள். அவ எங்கே போனா என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவர்களின் மொடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன்.

எக்ஸ்சேஞ்சில் திருத்த வேலை இருந்தால், முன்கூட்டியே நாள் குறித்து லைனை நிப்பாட்டுவார்கள். பேப்பரில் போடுவார்கள். யாரும் பார்க்கிறதில்லை. அன்றைக்கு ஃபோனுக்கு மேல் ஃபோன் வரும். அப்ப எங்கள் ஒபீசில் ஒரு பழக்கம். நாங்கள்தான் நிப்பாட்டியிருக்கிறோம் என்று சொன்னால் ஆட்கள் ஏசுவார்கள், மனேஜரைக் கேட்பார்கள். அதனால் ஃபோன் எடுக்கிற பிள்ளைகள், “அணைச்சுப் போட்டுப் பாருங்கோ, பத்து நிமிஷம் விட்டுத் திரும்பச் செய்யுங்கோ” என்று சொல்வார்கள். ஆள் அதோடு மினக்கெடுவார். ஒரு மணித்தியாலம் போகும். பிறகு இன்னொரு மணித்தியாலம். லைன் வந்ததும் தான் செய்ததால்தான் வந்தது என்று சந்தோஷப்படுவார். ஒருவருக்கும் நட்டமில்லை என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சனிக்கிழமை. கொட்டாஞ்சேனைப் பக்கம் முழுக்க பத்து மணியிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் லைன் இல்லை. ஒரு வீட்டிலிருந்து நாலு தரம் ஃபோன் வந்துவிட்டது. ஒபீசிலிருந்து பிள்ளை எனக்கு அடித்தாள்.

“அண்ணே, நீங்க கிட்டத்தானே. ஒருக்காப் போய் முகத்தைக் காட்டிட்டு வாங்க. அந்த அக்கா அழுறா.”

“லைன் இல்லை எண்டு சொன்னனியே?”

“அணைச்சுப் போடச் சொல்லியிருக்கு.”

போனேன். கோயிலுக்குக் கீழே ஒரு ஒழுங்கை. ஒழுங்கை வாசலிலிருந்து வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. செத்த வீடு. வெளியில் கதிரை போட்டு ஆம்பிளைகள் இருந்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்கிற ஆட்கள். என் பையைக் கண்டதும் ஒருவர் எழும்பி வழி விட்டார்.

முன் அறையில் பெட்டியில் ஒரு வயதான அம்மா. தலைமாட்டில் மெழுகுதிரி. கால்மாட்டில் ஒரு தையல் மெஷின், அதன் மேல் கொம்பியூட்டர். கமரா ஒன்றை மெழுகுதிரித் தண்டில் நூலால் கட்டியிருந்தது. அது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. மொடம் மாதா படத்துத் தட்டில். அதற்கு முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றா. செத்தவவின் மகள், ஜெசிந்தா.

அவ எனக்கு விஷயத்தைச் சொன்னா. ஒரே தம்பி. அன்ரன். இத்தாலியில். விசா பேப்பர் இல்லாமல் இருக்கிறான், வெளிக்கிட்டால் திரும்பப் போக முடியாது. ஏழு வருஷம் தாயைக் காணவில்லை. இந்த இணைப்பே தாயும் மகனும் முகம் பார்க்கத்தான் போன மாதம் எடுத்தது. எடுத்துப் பத்து நாளில் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டி வந்துவிட்டது. உடலை இன்றைக்குக் காலை பத்தரைக்குத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். லைன் பத்துக்கே போய்விட்டது. தம்பி அங்கே கூட்டாளியின் அறையில் கொம்பியூட்டருக்கு முன்னால் விடியத்திலிருந்து இருக்கிறான்.

“ரெண்டரைக்கு ஃபாதர் வாறார். பெட்டி மூடுற நேரம் அது. அதுக்குள்ள வருமா அண்ணே?”

பேப்பரில் போட்டபடி லைன் ரெண்டு மணிக்குத்தான் என்று எனக்குத் தெரியும், இப்படியான வேலை பிந்துகிறதும் உண்டு. அப்போது நேரம் பன்னிரண்டேகால். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வசனம். ‘எங்கட ஆக்கள்தான் நிப்பாட்டி வச்சிருக்கினம், எப்ப வரும் எண்டு எனக்கு நிச்சயமில்லை, வேற வழி பாருங்கோ.’ அவ்வளவுதான்.

நான் அதைச் சொல்லவில்லை. மொடத்தை அணைத்தேன். முப்பது எண்ணினேன். போட்டேன்.

செபமாலை சொல்லிக்கொண்டு இருந்த பொம்பிளைகள் நிப்பாட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஒரு வெளிச்சம் வந்தது. ரெண்டாவது வந்தது. மூன்றாவது வரவில்லை.

“அதையேதான் நாங்களும் பத்தரையிலயிருந்து செய்யுறோம்” என்றது ஒரு குரல். தாயின் தம்பி. செபஸ்தி மாமா என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி இளைப்பாறினவர். பெரிய உடம்பு, கறுப்புக் கோட்டு. “இதுக்கு ஒரு ஆள், ஒரு பை, ஒரு மோட்டச் சைக்கிள். நல்ல உத்தியோகம் தம்பி.”

“மாமா, சும்மா இருங்க” என்றா ஜெசிந்தா. என்னைப் பார்த்தா. “அண்ணே, வருமா வராதா?”

“ரெண்டு மணிக்கு வரும்” என்றேன்.

அந்த அறை மூச்சு விட்டது. ஜெசிந்தா உடனே வீட்டு ஃபோனை எடுத்து இத்தாலிக்கு அடித்தா. அந்த ஃபோன் வேலை செய்தது, கதைக்கிற லைன் வேறு. “ரெண்டு மணிக்கு வருதாம்டா. லைன் ஆளே வந்து சொல்லிட்டார். நீ போய் ஏதாவது சாப்பிடு” என்றா. அதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டுப் பொம்பிளை ஒருவ, “அப்ப நானா கடைக்குக் கேக்கத் தேவையில்லத்தானே?” என்றா. சந்தியில் ஒரு கொமியூனிகேஷன் கடை, வைத்திருந்தவர் முஸ்லிம் ஆள், எல்லாருக்கும் அவர் நானா. ஃபோன், கொம்பியூட்டர் எல்லாம் அங்கே இருந்தது. அவர்களுக்கு வேறு கொம்பனி, கூரையில் அன்ரெனா. “தேவையில்ல, ரெண்டுக்கு வருதாம்” என்று ஜெசிந்தா சொல்லிவிட்டா.

அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். பேப்பரில் ரெண்டு என்று இருந்தது, அதனால் சொன்னேன் என்று சொல்லலாம். அது சரியான காரணம் இல்லை. அழுகிற வீட்டில் இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. வேறு வீடுகளில் என்னை ஒருவரும் கதிரையில் இருக்கச் சொல்வதில்லை. அங்கே ஒரு ஆள் எழும்பித் தன் கதிரையைத் தந்தார், இஞ்சித் தேத்தண்ணி தந்தார்கள். அந்த ஒரு நிமிஷம் நான் நல்ல செய்தி கொண்டு வந்தவனாக இருக்க விரும்பினேன். அதுதான் காரணம்.

வெளியில் வந்து பைக்கில் ஏறினேன். ஒபீசுக்கு அடித்தேன்.

“முடிஞ்சுதா அண்ணே?”

“ஓம்.”

“அப்ப ஜிந்துப்பிட்டியில ஒண்டு இருக்கு.”

ஜிந்துப்பிட்டிக்குப் போய் அந்த வேலையைப் பார்த்தேன். மனம் அங்கே இல்லை. திரும்பி அதே ஒழுங்கையால் வந்தேன். ஒன்றரை மணி இருக்கும். ஜன்னலால் சத்தம் கேட்டது. பொம்பிளைகள் எல்லாரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. பிறகு அமைதி. பிறகு திரும்ப ஒன்றிலிருந்து.

இறங்கி நின்று எக்ஸ்சேஞ்சுக்கு அடித்தேன். அங்கே ஒரு அய்யே இருந்தார். பெயர் வேண்டாம். சிங்கள ஆள், அய்யே என்றால் அண்ணன். எங்களுக்கு உள்ளே நடக்கிறதைச் சொல்லத் தேவையில்லாத மனிசன். ஆனால் கேட்டால் பொய் சொல்ல மாட்டார்.

“அய்யே, தெகட எனவாத?” ரெண்டுக்கு வருமா என்று கேட்டேன்.

பின்னால் ஆட்கள் சத்தம் போடுவது கேட்டது.

“நே மல்லி.” இல்லைத் தம்பி என்றார். புதுச் சாமானில் ஒன்று எரிந்துவிட்டதாம். வேறொன்று கொண்டு வர ஆள் போயிருக்கிறதாம். ஐந்தாகலாம், ஆறாகலாம். “யாருக்கும் நேரம் சொல்லாதே” என்றார்.

“சொல்லிப்போட்டன்” என்றேன்.

“அப்ப போய் மாத்திச் சொல்லு” என்றார். வைத்துவிட்டார்.

ஒழுங்கை வாசலில் நின்று பைக் சாவியைப் பார்த்தேன். போயிருக்கலாம். ரெண்டு மணிக்கு வராவிட்டால் கொம்பனியை ஏசுவார்கள். என் முகம் மறந்து போகும். அப்படிப் போன நாட்களும் இருக்கு, மறைக்கவில்லை. அன்றைக்கு உள்ளே போனேன்.

“ஜெசிந்தா அக்கா.”

அவ திரும்பினா. மொடம் கையில்.

“ரெண்டுக்கு வராது. பின்னேரம் ஆறாகும். காலமையிலயிருந்து எங்கட ஆக்கள்தான் நிப்பாட்டி வச்சிருக்கினம். நீங்கள் அணைச்சுப் போட்டதில பிரயோசனம் இல்லை. அது எனக்கு வரேக்கயே தெரியும்.”

மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருந்த கிழவி ஒருவ வாயைப் பொத்தினா.

செபஸ்தி மாமா எழும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். “தெரிஞ்சுகொண்டா எண்ணினாய்? என்ட அக்காட பெட்டிக்கு முன்னால நிண்டு முப்பது எண்ணினாய்?”

“ஓம்.”

“நீ ரெண்டு எண்டு சொன்னதாலதான் நாங்க நானா கடைக்குப் போகல்ல.”

“ஓம்.”

“ஓமாம். ஓம் எண்டு மட்டும் நல்லாச் சொல்றான்.”

ஜெசிந்தா மொடத்தைக் கீழே வைத்தா. கடிகாரத்தைப் பார்த்தா. ஒன்று நாற்பது.

“ஆறு மணி வரைக்கும் வச்சிருக்க ஏலாதா?” என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி.

“நாலுக்குப் பிறகு துறைமுகப் பக்கம் ரோட்டை மூடுவாங்க” என்றா. “சேமக்காலைக்குப் போய் அடக்கம் பண்ண ஏலாது. உடம்பும் தாங்காது. மூணு நாளாச்சு.” பிறகு தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. அவ அழவில்லை. கணக்குப் பார்க்கிற மாதிரி நின்றா. “கோயிலுக்குப் போற வழியிலதானே நானா கடை?”

“அதுக்கு?” என்றார் மாமா.

“வீட்டில மூட வேணாம். திறந்தபடி கொண்டு போவோம். கடை வாசல்ல வச்சு அவன் பாக்கட்டும். அங்க வச்சு மூடுவோம்.”

“கடை வாசல்லயா? என்ட அக்கா என்ன பேலியகொடை மீன் பெட்டியா, ரோட்டில வச்சுக் காட்ட? வீட்டில செபம் சொல்லி, வீட்டில மூடி, தோள்ல தூக்கிக்கொண்டு போறதுதான் எங்கட முறை. எங்கட அப்பா, அம்மா எல்லாரும் அப்பிடித்தான் போனாங்க.”

“அவங்கட பிள்ளைகள் எல்லாம் பக்கத்தில நிண்டாங்க மாமா.”

மாமா கோட்டுப் பொத்தானைப் போட்டார். கழற்றினார்.

நான் சொன்னேன், “அக்கா, நான் முன்னால போய் எல்லாம் ஆயத்தம் பண்ணுறன். நீங்கள் தம்பியோட கதைக்கிற பெயரையும் பாஸ்வேர்ட்டையும் எழுதித் தாங்கோ.” நேரம் சொல்லவில்லை. வரும் என்றும் சொல்லவில்லை. “கடைக்காரர் ஓம் எண்டால் ஃபோன் அடிக்கிறன். ஓம் எண்டாத்தான்.”

நானா கடை வாசலில் ஒரு கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“மௌத்தையா? இங்கயா?”

“அஞ்சு நிமிஷம், நானா.”

“இத்தாலியில இருக்கிற பொடியன்? முந்தி இங்க வந்து ஃபோன் கதைச்சிட்டு சல்லி பொறகு தாறன் எண்டு சொல்ற அன்ரன்தானே?” பேப்பரை மடித்தார். “அந்த உம்மா எனக்கு ஒவ்வொரு நத்தாருக்கும் கேக் அனுப்புவா. மிச்சம் ஆக்களையெல்லாம் வெளிய போகச் சொல்றன். நீங்க என்னத்த வேணுமெண்டாலும் கழட்டுங்க.”

வீட்டுக்கு அடித்து நானா ஓம் என்றதைச் சொன்னேன். கமரா வயர் கட்டை. அதனால் கொம்பியூட்டரையே வாசலுக்குக் கொண்டு வர வேண்டும். பெரிய பழைய மொனிற்றர். நானாவும் நானும் தூக்கி வாசற்படியில் ரெண்டு ஸ்டூலுக்கு மேல் வைத்தோம். என் பையில் இருந்த நீட்டு வயரை உள்ளேயிருந்து இழுத்தேன். பெட்டி வைக்க ரெண்டு வாங்கு போட்டோம். பிறகு அந்தப் பெயரைப் போட்டு உள்ளே போய் அன்ரனை அழைத்தேன்.

முதல் தரம் வரவில்லை. ரெண்டாம் தரம் ஒரு முகம் வந்தது. தாடி, குளிருக்குத் தொப்பி. என்னைக் கண்டதும் பின்வாங்கினான்.

“நீங்க ஆர்? எங்க அக்கா?”

“வருகினம். வெட்டிப்போடாமல் இருங்கோ.”

சந்தியில் ஆமி நிற்கிற இடம் இருபது யார் தூரம். கடை வாசலில் ஒரு தமிழன் வயர் இழுக்கிறதை அவர்கள் பார்க்காமல் இருப்பார்களா. ஒரு பொடியன் துவக்கோடு வந்தான்.

“மொகத மே?” என்ன இது என்று கேட்டான்.

அடையாள அட்டையை நீட்டினேன். சிங்களத்தில் சொன்னேன். சாவு ஊர்வலம் வருகிறது. மகன் வெளிநாட்டில். தாயின் முகத்தைக் காட்ட வேண்டும். அவன் மொனிற்றரைப் பார்த்தான். அன்ரன் அவனைப் பார்த்தான். இத்தாலியில் இருந்துகொண்டு அன்ரன் கையை மேசைக்கு மேல் எடுத்து வைத்தான். ஆமியைக் கண்டால் கை தெரிய வேண்டும் என்ற பழக்கம். அங்கே போயும் விடவில்லை.

“மினித்து பஹய்” என்றான் பொடியன். ஐந்து நிமிஷம். மணிக்கூட்டைப் பார்த்தான். போகவில்லை, ரோட்டுப் பக்கம் திரும்பி நின்று வாகனங்களை நிப்பாட்டினான்.

அவர்கள் வந்தார்கள். முன்னால் சிலுவை. பிறகு ஃபாதர். பிறகு ஆறு பேர் தோளில் பெட்டி, திறந்தபடி. பக்கத்தில் ஜெசிந்தா குடை பிடித்துக்கொண்டு, வெயில் தாயின் முகத்தில் படாமல். அதற்குப் பின்னால் தனியாக செபஸ்தி மாமா. பெட்டியின் மூடியைத் தன் தோளில் தானே சுமந்துகொண்டு வந்தார். பலகை கனம். யாரோ கை கொடுக்க வந்தபோது தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

வாங்கில் இறக்கினார்கள். நான் கமராவைக் கையில் பிடித்தேன். மொனிற்றரில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது, சேர்ந்தது.

“அக்கா, சத்தம் வருது. படம் வரல்ல. கறுப்பாத் தெரியுது” என்றான் அன்ரன்.

“என்ன கறுப்பு?” என்றார் மாமா.

“மாமா, அது நீங்கதான். கொஞ்சம் தள்ளுங்க. மூடி மறைக்குது.”

மாமா தள்ளி நின்றார்.

அன்ரன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கமராவை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை உளையத் தொடங்கியது, மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“கையைக் காட்டுங்க” என்றான்.

ஜெசிந்தா தாயின் கையில் சுற்றியிருந்த செபமாலையை விலக்கிக் காட்டினா. தையல்காரியின் கை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி.

“மோதிரம் கழட்டல்லத்தானே?”

“இல்லடா. இருக்கு.”

“கழட்ட வேணாம்.”

“கழட்டல்ல.”

ஆமிப் பொடியன் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். மறுபடி ரோட்டுப் பக்கம் திரும்பினான்.

“சரி” என்றான் அன்ரன். “மூடுங்க மாமா.”

மாமா மூடியை வைத்தார். நாலு ஆணி. அந்தச் சத்தத்தை அவனும் கேட்டான். ஃபாதர் தண்ணீர் தெளித்தார். தூக்கினார்கள். நாலு மணிக்கு முதல் போக வேண்டும் என்ற அவசரம். எல்லாரும் போனார்கள். ஜெசிந்தாவும் போனா. ஆமிப் பொடியன் வாகனங்களை விட்டான். நானா வாங்குகளை உள்ளே எடுத்தார், பிறகு தொழுகைக்குப் போய்விட்டார், கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு.

தம்பிமார், எங்கள் வேலையில் ஒரு நேரம் இருக்கிறது. வெளிச்சம் பச்சையாகும், ஆட்கள் சந்தோஷப்படுவார்கள் அல்லது அழுவார்கள், எங்களுக்கு முடிந்துவிட்டது என்று பையைக் கட்டுவோம். நானும் பையைக் கட்டினேன். நீட்டு வயரைச் சுற்றக் குனிந்தேன். அப்போதுதான் கண்டேன், மொனிற்றரில் அவன் இன்னும் இருந்தான்.

ஒருவரும் அவனிடம் போயிட்டு வாறோம் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் பெட்டிதான் நினைவு.

“எல்லாரும் போயிட்டாங்களா?” என்று கேட்டான்.

“ஓம்.”

“நீங்க ஆர்?”

“லைன் பாக்க வந்தனான்.”

“நீங்கதானா ரெண்டு மணி எண்டு சொன்னது?”

“ஓம். பிழையாச் சொல்லிப்போட்டன்.”

அவன் தலையாட்டினான். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லது.

“உங்கட வீடு எங்க?”

“யாழ்ப்பாணம்.”

“போய் வாறீங்களா?”

“இல்லை. பாதை இல்லை.”

“ம்” என்றான். “இப்ப வெட்டவா போறீங்க?”

எனக்கு வேலை இருந்தது. ஒபீசிலிருந்து ரெண்டு தரம் ஃபோன் வந்துவிட்டது.

“நீங்கள் சொல்லுங்கோ” என்றேன்.

“கொஞ்ச நேரம் விடுங்க. இந்தக் கமராவை ரோட்டுப் பக்கம் திருப்புவீங்களா?”

திருப்பினேன். சும்மா ஒரு ரோட்டு. சனிக்கிழமைப் பின்னேரம். ஒரு நாய். ஒரு ஓட்டோ. தூரத்தில் கோயில் மணி அடித்தது, அது அவனுக்குக் கேட்டதோ தெரியாது.

“சலூனுக்கு நீலம் அடிச்சிட்டாங்களா?” என்றான்.

“நான் வந்த நாளிலயிருந்து நீலம்தான்.”

“முந்திப் பச்சை.”

நான் கதிரையை இழுத்து மொனிற்றருக்குப் பக்கத்தில் போட்டு இருந்தேன். மூன்றாம் தரமும் ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. ரெண்டு பேரும் அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நாலு மணிக்கு ஆமிக்காரர் துறைமுகப் பக்கம் தடையை இழுத்துப் போட்டார்கள். அதையும் அவன் பார்த்தான்.

“மூடிட்டாங்க” என்றான்.

“ஓம். அவை அதுக்கு முதலே போய்ச் சேர்ந்திருப்பினம்.”

“நிச்சயமாவா?”

யோசித்தேன்.

“எனக்குத் தெரியாது” என்றேன். “அக்கா வந்ததும் வீட்டு ஃபோனில எடுக்கச் சொல்லுறன். அவ வரும் வரைக்கும் நான் இங்கதான்.”